மனைப்பிரிவுக்கு ஆட்சேபனை எழுதுவோருக்கு அரசின் இணையச் சேவைகள்: ஒரு மதிப்புரை

பக்கத்து வயலில் எல்லைக் கற்கள் நடப்பட்டு, மனை விற்பனைக்கு என்ற பலகையும் ஏறிய பிறகுதான் பெரும்பாலான ஊர்களில் குடியிருப்போர் விழித்துக்கொள்கிறார்கள். இதற்கு அனுமதி உண்டா, இந்த நிலத்தில் வீட்டுமனை போடலாமா, நாம் ஆட்சேபனை சொன்னால் யாராவது கேட்பார்களா என்ற மூன்று கேள்விகளும் ஒரே நேரத்தில் எழுகின்றன. இந்தக் கேள்விகளுக்கு விடை தேடக் கூடிய அரசுச் சேவைகளை, கோவைக்கு மேற்கே உள்ள எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்காக நான் தொடர்ந்து பயன்படுத்தி வந்திருக்கிறேன். பட்டா மற்றும் புலப்படச் சேவை, நிலப் பயன்பாட்டுத் தகவல், வில்லங்கச் சான்று, மனை, வீட்டு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ரெராவின் தளம், தகவல் அறியும் உரிமை மனு ஆகியவற்றை ஆட்சேபனை எழுதுபவரின் தேவையை மட்டும் மனத்தில் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன். மனை வாங்குபவரின் தேவை வேறு. அதற்கான வழிகாட்டிகள் ஏற்கெனவே ஏராளமாக இருக்கின்றன.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நிலம் இதுவரை என்னவாக இருந்தது என்பதைக் காட்டுவதில் இந்தச் சேவைகள் மிக நல்ல தரத்தை எட்டியிருக்கின்றன. அந்த நிலத்தில் என்ன வரப்போகிறது என்பதை அண்டையில் வாழ்பவருக்கு உரிய காலத்தில் சொல்வதற்கோ ஏற்பாடே இல்லை. முதல் பகுதியை நன்றாகப் பயன்படுத்தினால் இரண்டாவதன் குறையை ஓரளவு ஈடுகட்டலாம் என்பது என் அனுபவம்.

எல்லாவற்றுக்கும் அடித்தளம் வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' சேவை. மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் கொடுத்து, கைபேசிக்கு வரும் கடவு எண்ணை உள்ளிட்டால் பட்டாவும் புலப்படமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அதே தளத்தில், ஒவ்வொரு உட்பிரிவும் என்ன வகை நிலம் என்று பதிவு செய்யும் 'அ' பதிவேட்டின் பகுதியையும் எடுக்கலாம்; ஒரு நிலம் புறம்போக்கா என்று சரிபார்க்கவும் தனி வசதி இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் ஒரு புலப்படத்துக்காகக் காத்துக் கிடந்த தலைமுறையைச் சேர்ந்தவன் என்ற முறையில், இதை நான் பெரிய மாற்றமாகவே மதிக்கிறேன்.

ஆட்சேபனை எழுதுபவருக்குப் பட்டாவை விடப் புலப்படமே முக்கியம். பட்டா யாருடைய நிலம் என்று சொல்கிறது; மனைப்பிரிவு போடுபவரே நிலத்தின் உரிமையாளராக இருக்கும்போது அதில் நமக்கு வேலை இல்லை. புலப்படமோ நிலத்தின் வடிவத்தையும், பக்க அளவுகளையும், சுற்றியுள்ள புல எண்களையும், ஊடே செல்லும் வாய்க்காலையும் பாதையையும் காட்டுகிறது. நொய்யலிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால்கள் குளங்களை நிரப்ப, ஒரு குளத்தின் உபரிநீர் அடுத்த குளத்துக்குப் போகும்படி அமைந்த ஊர் இது. இங்கே ஒரு கிளை வாய்க்கால் பத்தாண்டுகளாகத் தண்ணீர் காணாமல் புல் மண்டிக் கிடந்தாலும், பதிவேட்டில் அது வாய்க்கால்தான். எங்கள் பகுதியில் வந்த ஒரு மனைப்பிரிவின் விளம்பர வரைபடத்தையும் புலப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, வரைபடத்தில் உள்சாலையாகக் காட்டப்பட்ட பட்டையின் ஒரு பகுதி தனி உட்பிரிவு எண்ணோடு நிற்பது தெரிந்தது. 'அ' பதிவேட்டில் அந்த உட்பிரிவு வண்டிப்பாதை என்று பதிவாகியிருந்தது. பாதை பாதையாகவே நீடிப்பதில் தவறு இல்லை என்றாலும், அரசுக்கு ஏற்கெனவே சொந்தமான இடத்தைத் தம் மனைப்பிரிவின் சாலையாகக் கணக்கில் காட்ட எவருக்கும் உரிமை இல்லை. நாங்கள் எழுதிய ஆட்சேபனையில் அதிகாரிகள் உடனே கவனித்த வரி அது ஒன்றுதான்.

இந்தச் சேவையின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். 1980களில் நடந்த யூடிஆர் எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியில் பல உட்பிரிவுகள் மாறின, பிழைகளும் நுழைந்தன. இணையத்தில் தெரிவது அதற்குப் பிந்தைய நிலைதான். அதற்கு முந்தைய பதிவேட்டில் ஓடை என்று இருந்த இடம் இன்று ஒரு தனியார் பட்டாவுக்குள் இருக்கிறது என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னால், அதைக் கதை என்று தள்ளாமல், பழைய 'அ' பதிவேட்டின் சான்றிட்ட நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெற வேண்டும். மதகு எங்கே இருந்தது, தண்ணீர் எந்தப் பக்கம் வடிந்தது என்பதை வயல் பார்த்து வளர்ந்தவர்களே சொல்ல முடியும். அதை ஆவணத்தில் தேடி எடுப்பது இளையவர்களின் வேலை. தமிழ்நாடு புவியியல் தகவல் தளம் செயற்கைக்கோள் படத்தின் மேல் புல எல்லைகளைக் காட்டுவது இந்தத் தேடலுக்கு உதவியாக இருக்கிறது. ஆனால் அந்தக் கோடுகள் திசை காட்டவே பயன்படும். அளவுக்கு நில அளவரே வர வேண்டும். இந்த ஒரு இடத்தில் பணம் செலவழிக்கலாம் என்பேன். உரிமம் பெற்ற நில அளவர் ஒருவரை அழைத்து வந்து எல்லையை அளந்து வரைந்து வாங்கிய தாள், வேறு எந்தச் செலவையும் விட எங்களுக்குப் பயன்பட்டது.

அடுத்தது நிலப் பயன்பாடு. இங்கேதான் குடியிருப்போர் அதிகம் தடுமாறுகிறார்கள். நெல் விளையும் வயல் என்பதாலேயே அங்கே வீட்டுமனை போட முடியாது என்று பலரும் நம்புகிறார்கள். 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி, முழுமைத் திட்டம் (எந்த நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று அரசு வகுக்கும் திட்டம்) நடைமுறையில் உள்ள பகுதியில் ஒரு புல எண்ணுக்கு அந்தத் திட்டம் என்ன பயன்பாட்டைக் குறித்திருக்கிறதோ அதுதான் செல்லும். குடியிருப்பு என்று குறிக்கப்பட்ட வயலில் இன்று நாற்று நட்டிருந்தாலும் நாளை மனைப்பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம்; விவசாயம் என்று குறிக்கப்பட்ட தரிசில், பயன்பாட்டை முறைப்படி மாற்றாமல் மனை போட முடியாது. முழுமைத் திட்டம் இல்லாத பகுதிகளுக்கு 2017ஆம் ஆண்டில் தனி விதிகள் வந்தன. அவற்றின்படி விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற நகர் ஊரமைப்பு இயக்குநரின் அனுமதி வேண்டும். வேளாண்மைத் துறையின் கருத்து கேட்கப்படும். நன்செய் என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். மலையடிவார ஊர்களில் இவற்றோடு, 1990இல் அமைக்கப்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும் சேர்கிறது. கோவையின் மேற்கு எல்லையில் யானைகள் நடமாடும் ஊர்கள் பலவற்றுக்கு இது பொருந்தும்; எனவே ஊரின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதை முதல் நாள் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

சென்னைப் பெருநகர்ப் பகுதியில் வாழ்பவர்களுக்கு இதில் வசதி கூடுதல். 2008 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் முழுமைத் திட்டத்தின் நிலப் பயன்பாட்டைக் கிராமத்தையும் புல எண்ணையும் கொடுத்து இணையத்திலேயே பார்க்க முடிகிறது. மற்ற மாவட்டங்களில் முழுமைத் திட்ட வரைபடங்களைத் தளத்திலிருந்து எடுத்து, அவற்றில் நம் புல எண்ணை நாமே தேட வேண்டியிருக்கிறது. வரைபடம் பெரியது, எழுத்து சிறியது, பழகாதவருக்கு இது கடினம். புல எண் கொடுத்தால் பயன்பாட்டைச் சொல்லும் சேவை எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே தரத்தில் வர வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயம் இல்லை.

ஆட்சேபனையின் உள்ளடக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேவை நன்றாக இருந்தும் அதைக் கொண்டு எழுதப்படும் மனு பலவீனமாக இருந்தால் பயன் இல்லை. அமைதி கெடும், போக்குவரத்து அதிகரிக்கும், நிலத்தடி நீர் குறையும், வெளியாட்கள் வந்துவிடுவார்கள் என்ற வரிகளையே பெரும்பாலான மனுக்களில் காண்கிறேன். முதல் மூன்றும் உண்மையாக இருக்கலாம். ஆனால் விதியோடு இணைக்கப்படாத வரை அவை கோப்பில் தூங்கும். நான்காவதை யாரும் எழுதவே கூடாது. புதிதாக வீடு கட்டி வருபவர்களும் நம்மைப் போல ஒரு காலத்தில் வந்தவர்கள்தான். எங்கள் பகுதியில் மனு எழுதித் தரும் ஒருவரிடம் சிலர் கட்டணம் கொடுத்து வாங்கிய மனுவில் புல எண் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாக, அணுகுசாலையின் அகலம் களத்தில் எவ்வளவு, ஆவணத்தில் எவ்வளவு; வாய்க்கால் எந்த உட்பிரிவில் செல்கிறது; அருகில் குளமோ ஓடையோ இருப்பதால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்பட்டதா; பக்கத்து மனைப்பிரிவின் சாலை இதனோடு இணைகிறதா, சுவர் வைத்து அடைக்கப்படுகிறதா; திறந்தவெளி ஒதுக்கீடு எங்கே காட்டப்பட்டிருக்கிறது என்ற வரிகளோடு ஒரே பக்கத்தில் முடியும் மனு பல மடங்கு வலிமையானது.

திறந்தவெளி ஒதுக்கீடு பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பூங்காவுக்கான நிலமாகவே ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை, நிலமாகத் தர இயலாதபோது வழிகாட்டி மதிப்பில் பணமாகச் செலுத்த இடம் உண்டு. 10,000 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். ஆகவே ஆறு ஏக்கர் நிலத்தை மூன்று துண்டாக்கி, மூன்று விண்ணப்பமாகக் கொடுத்தால் பூங்காவே இல்லாத ஒரு நகர் உருவாகிவிடக் கூடும். இதைக் கண்டுபிடிக்கப் பதிவுத் துறையின் வில்லங்கச் சான்றுச் சேவை கைகொடுக்கிறது. அடுத்தடுத்த புல எண்களுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால், ஒரே காலத்தில் ஒரே தரப்பு வாங்கிய நிலங்கள் வரிசையாகத் தெரியும். கட்டணமின்றி இணையத்திலேயே பார்க்கலாம். மனை வாங்குபவர் தம் ஒரு மனைக்கு மட்டும் வில்லங்கம் பார்ப்பார். ஆட்சேபனை எழுதுபவர் சுற்றுவட்டம் முழுவதற்கும் பார்க்க வேண்டும்.

இந்தப் பத்து விழுக்காட்டை நிலவுடைமையாளரின் சொத்தைப் பறிப்பதாகச் சொல்லித் தொடர்ந்த வழக்கில், அந்த விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதற்கு வெகு முன்பே, பெங்களூருவின் ராஜமகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்துக் குடியிருப்போர் தொடுத்த வழக்கில், அந்த ஒதுக்கீட்டை எதிர்க்கும் உரிமை அங்கே வாழ்பவர்களுக்கு உண்டு என்று 1991இல் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உங்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று எந்த மேசையிலாவது கேட்கப்பட்டால், இந்தத் தீர்ப்பைப் பணிவோடு குறிப்பிடலாம்.

நகர் ஊரமைப்பு இயக்ககமும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் அனுமதி பெற்ற மனைப்பிரிவுகளின் பட்டியலை வெளியிடுகின்றன. ரெரா தளத்தில், பதிவு செய்யப்பட்ட மனைப்பிரிவுகளை ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை விற்பதற்கு 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். பதிவுக்கு முன் விளம்பரம் செய்வதும் முன்பணம் வாங்குவதும் கூடாது. பலகையில் பதிவு எண் இல்லாமல் விற்பனை நடந்தால், அந்தப் பலகையின் படமே போதிய புகார். அனுமதி பெற்ற வரைபடத்தையும் களத்தில் போடப்படும் சாலையையும் ஒப்பிடுவதற்கு இந்தப் பட்டியல்கள் நன்றாக உதவுகின்றன. ஆனால் கவனிக்க வேண்டியது, இவை அனைத்தும் அனுமதி கிடைத்த பின் வரும் தகவல்கள். ஆட்சேபனைக்கு வேண்டியது அதற்கு முந்தைய கட்டம்.

அந்தக் கட்டத்தில்தான் பெரிய வெற்றிடம் இருக்கிறது. மனைப்பிரிவுக்கான விண்ணப்பம் துறைக்குப் போகிறது. தொழில்நுட்ப அனுமதி வருகிறது. சாலைகளும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதப்படுகின்றன. ஊராட்சியோ நகராட்சியோ இறுதி அனுமதி தருகிறது. இந்தத் தொடரில் எந்த இடத்திலும் பக்கத்து நிலத்துக்காரருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அறிவிப்பு கொடுத்துக் கருத்துக் கேட்பது அரசுக்குத் தெரியாத முறையும் அல்ல. நிலப் பயன்பாட்டை மாற்றக் கோரும் விண்ணப்பங்களுக்குச் சென்னையில் நாளிதழில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபனை கேட்கிறார்கள். முழுமைத் திட்ட வரைவுக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கோவையின் புதிய முழுமைத் திட்ட வரைவு 2024 பிப்ரவரியில் வெளியானபோதும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அந்த நாட்களில் எங்கள் பகுதியில் வரைபடத்தைத் திறந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே. விவசாய நிலம் குடியிருப்பாக வண்ணம் மாறும் இடம் அதுதான். நம் ஆட்சேபனைக்கு உண்மையான எடை இருக்கும் காலமும் அதுதான். மனைப்பிரிவு விண்ணப்பம் வரும்போது பயன்பாடு ஏற்கெனவே முடிவாகியிருக்கும்.

இங்கிலாந்தில் ஒரு கட்டடத் திட்டத்துக்கு விண்ணப்பம் வந்தால், இடத்தில் அறிவிப்பு ஒட்டியோ அண்டை வீட்டாருக்குக் கடிதம் அனுப்பியோ 21 நாள் அவகாசம் தருவது வழக்கம். நமக்கு அவ்வளவுகூட வேண்டாம். இந்தக் கிராமத்தில், இந்தப் புல எண்களில், இந்தத் தேதியில் மனைப்பிரிவு விண்ணப்பம் பெறப்பட்டது என்ற ஒரே வரியை இணையத்தில் வெளியிட்டு, ஊராட்சி அலுவலகப் பலகையிலும் ஒட்டினால் போதும். விண்ணப்பங்கள் ஏற்கெனவே ஒற்றைச் சாளரத் தளத்தில் இணையவழியாகப் பெறப்படுவதால், இதற்குத் தேவையான தரவு அரசின் கையில்தான் இருக்கிறது. நேர்மையாக விண்ணப்பிக்கும் மனைத் தொழில் செய்பவருக்கும் இது நல்லது. சாலை போட்டு, மனை விற்று, வீடும் எழும்பிய பின் வரும் வழக்கை விட, தொடக்கத்திலேயே வரும் ஆட்சேபனை அவருக்குச் செலவு குறைவு.

தாமதமாக விழித்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, மாநிலம் முழுவதும் சிறு மனை வைத்திருந்த குடும்பங்கள் தவித்தன. 2017 மே மாதம் வந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளைக் கட்டணத்தின் பேரில் ஒழுங்குபடுத்தியது. பத்திரச் சிக்கல் தீர்ந்தது. பூங்காவுக்கென்று விடப்படாத நிலமும், வடிகால் இல்லாத தெருவும் அப்படியே இருக்கின்றன. மழைக்காலத்தில் அந்தத் தெருக்களில் நிற்கும் தண்ணீர் மனை வாங்கியவர்களின் வாசலோடு நிற்பதில்லை.

தகவல் அறியும் உரிமை மனு இந்த வெற்றிடத்தை ஓரளவே நிரப்புகிறது. கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. இணையவழியாகவும் அனுப்பலாம். எந்தப் புல எண்களில் விண்ணப்பம் நிலுவையில் உள்ளது, எந்தத் துறைகளிடம் கருத்துக் கேட்கப்பட்டது, தள ஆய்வுக் குறிப்பின் நகல் என்று குறிப்பாகக் கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கிறது. ஆயினும் ஆட்சேபனையை அந்தப் பதில் வரும் வரை நிறுத்தி வைக்கக் கூடாது. மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம், வட்டாட்சியர், ஊராட்சி ஆகிய மூன்று இடங்களுக்கும் ஒரே மனுவை ஒப்புகை கிடைக்கும்படி விரைவு அஞ்சலில் அனுப்பிவிட்டு, அதன் பிறகு தகவல் கேட்பதே சரியான வரிசை. முதல்வரின் முகவரி திட்டத்தின் 1100 எண்ணில் பதிவு செய்வதும் மனுவுக்கு ஒரு எண் கிடைக்கச் செய்கிறது. ஆனால் அங்கிருந்தும் மனு அதே அலுவலகத்துக்குத்தான் போய்ச் சேரும் என்பதால், அதைத் துணையாகவே கொள்ள வேண்டும்.

ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்களுக்கு இணையத்துக்கு வெளியே ஒரு நல்ல வழி உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. இறுதி அனுமதி தருவது ஊராட்சி என்பதால், சாலைக்கும் பூங்காவுக்குமான தானப் பத்திரம் பெறப்பட்டதா, பெறப்பட்ட நிலம் களத்தில் அளந்து எல்லையிடப்பட்டதா என்ற கேள்விகளை அங்கே எழுப்பிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லலாம். புலப்படத்தின் நகலையும் 'அ' பதிவேட்டின் பகுதியையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். கேட்கும் கேள்வியில் புல எண் இருக்கட்டும். கூட்டம் முடிந்து பதிவேட்டில் கையொப்பமிடுவதற்கு முன், நீங்கள் கேட்டது எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள்.